தாடையைத் தைத்த கிழமை

இது உண்மையாகவே நடந்தது. கம்பஸ் சுவரில் சிரிப்புக்குப் பகிடி எழுதி ஒட்டுகிறவன் நான் என்பதால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. எனக்கும் இதை நம்ப விருப்பமில்லை.

என் அக்கா சுலோஜனாவுக்குக் குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழாய் சுருங்கிக்கொண்டே வந்தது. லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். எங்கள் வீட்டுக்கு விழுந்த ஒரே லொத்தர்ப் பரிசு அதுதான். இரண்டு வருடமாக அதை முட்டு வருத்தம், ஆஸ்துமா என்று நினைத்து மருந்து இழுத்தாள். ஒவ்வொரு மூச்சும் கீ...ச் என்று கூவும். நான் அவளை ‘மெயில் வண்டி’ என்பேன்.

“சிரிக்க வையாதடா நிது, மூச்சு முட்டுது...”

கடைசியில் ஒரு டொக்டர் நோயைக் கண்டுபிடித்து, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார். சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை இணைப்பார்களாம். இணைத்த இடம் இழுபடாமல் இருக்க, தாடையை நெஞ்சோடு சேர்த்து நூலால் தைத்துவிடுவார்களாம். ஒரு கிழமைக்குத் தலை நிமிர்த்த முடியாது. நிலத்தைத்தான் பார்க்கலாம்.

“நல்லம். ஒரு கிழமைக்கு உன்ட மூஞ்சியப் பார்க்கத் தேவல்ல,” என்றாள் அக்கா.

“நான் நிலத்தில வந்து இரிப்பன். தப்ப ஏலாது.”

“வராட்டிப் பாரு.”

அந்த நாளுக்கு முந்தின கிழமை அவளுக்குத் தடிமன் பிடித்தது. இருந்த சின்னத் துவாரத்தையும் சளி அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில் அவள் தலை என் தோளில் கிடந்தது. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கீ...ச் கேட்டது.

இறங்கும்போது கேட்கவில்லை.

“நித்திரையோ?” என்றார் ஓட்டோக்காரர்.

“ஓம்,” என்றேன்.

அக்காவுக்குக் குறித்த ஒப்பரேஷன் நாள் வீணாகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய், வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். பஹீமாவுக்குக் கொடுத்தார்கள். ஓட்டமாவடிப் பிள்ளை. அதே வருத்தம்.

ஒப்பரேஷன் அன்று காலை நானும் போய் நின்றேன். ஏனென்று தெரியாது. அவளைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் அவள் வாப்பா ஆதம்பாவா.

கீ...ச்.

அதே சத்தம். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கீ...ச்... கீ...ச்.

இரண்டு.

ஒன்று கட்டிலிலிருந்து வந்தது. மற்றது...

என் தோளிலிருந்து.

“ரெண்டு சத்தம் கேக்குதா?” என்று ஆதம்பாவாவிடம் கேட்டேன்.

“ஒண்டுதானே தம்பி.”

தோள் கனத்தது. ஓட்டோவில் கனத்த அதே இடம்.

தியேட்டர் கதவு திறந்தது. கட்டில் உள்ளே போனது. கதவு மூடியது.

தோளில் பாரம் இல்லை.

அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பயம்தான். சில நாள் கழித்து ஆதம்பாவா போன் எடுத்தார்.

“மகள் சுகமா இரிக்கா. உங்கள ஒருக்காப் பார்க்கணுமாம்.”

போனேன். பஹீமா கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே கறுப்பு நூல். அவளுக்குத் தெரிந்தது என் கால்கள் மட்டும்தான். முகத்தைக் காட்ட நிலத்தில் உட்கார்ந்தேன்.

“பிந்திட்டீங்க,” என்றாள் மெல்ல.

“என்ன?”

“ஒரு ராத்தா ஒவ்வொரு பின்னேரமும் இஞ்சதான் வந்து இரிப்பா. எனக்கு நிமிர ஏலாதே... அதால நிலத்தில இருந்து கதைப்பா. தம்பி வாறண்டு செல்லியிருந்தாராம். வரல்லையாம்.”

அவர்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“மூச்சு விடக்குள்ள... கீச்செண்டு சத்தம் வருமா?”

“இல்லியே. ஒரு சத்தமும் இல்ல. நல்லா மூச்சு உடுவா.”

சொல்லிவிட்டு, எனக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தைப் பார்த்தாள். கண்ணால் சிரித்தாள்.

“கொஞ்சம் தள்ளி இரிங்க,” என்றாள்.

தள்ளி இருந்தேன்.