தேத்தண்ணி நேரம் போக

சுகுமாரனின் கூலி மணிக்கு அறுபது வெள்ளி. கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அது வாய்க்கு வந்த தொகை அல்ல. பாயான் லெப்பாஸ் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடம் பராமரிப்பு வேலை பார்த்து, மின்வேலைக்கான வயர்மேன் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாகத் தொழில் தொடங்கியவர் அவர். வேன் தவணை, பெட்ரோல், காப்புறுதி, வேலையே வராத நாள்கள், நெரிசலில் கரையும் நேரம் எல்லாவற்றையும் அவர் மனைவி ஜெயலெட்சுமி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வந்தது. அதோடு இரண்டு வெள்ளி சேர்த்தார்கள். அதற்குத்தான் அவரைக் கொள்ளைக்காரன் என்கிறார்கள்.

அதற்கு முன் ஆறு வருடம் அவர் வாயைத் திறந்து கூலி கேட்டதே இல்லை. நம் ஆட்கள் வீடு என்றால், வேலையை முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி "பாத்துக் குடுங்க" என்பார். அவர்களும் நன்றாகவே பார்த்தார்கள். ஒரு வீட்டில் அரை நாள் வயரிங் வேலைக்கு இருபது வெள்ளியும் ஒரு பை முறுக்கும் கிடைத்தது. சுகுமாரனின் பக்கத்து வீட்டுக்காரன் நான், அந்த முறுக்கில் பங்கு தின்றவன். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர் ஒருவர்தான் பில் கேட்டு வாங்கி, அதில் உள்ளபடி கொடுத்தார்.

கடைசியில் ஜெயலெட்சுமி கெடு வைத்தாள். இந்த வருடம் முடியும்வரை அறுபது வெள்ளியில் நின்று காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேனை விற்றுவிட்டுப் பழையபடி தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அவள் இன்னும் அங்கேதான் ஷிப்டு வேலை செய்கிறாள். இயந்திரம் பழுதாகிச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவளுக்குச் சம்பளம் உண்டு.

மூன்றாம் மாதம் பர்மா சாலைப் பக்கமிருந்து கந்தப்பு அழைத்தார். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அடிக்கடி கரண்ட் நின்றுபோகிறது என்றார். சுகுமாரன் தொலைபேசியிலேயே கூலியைச் சொல்ல, அவரும் சரி என்றார். பழுது மெயின் பிரேக்கரில். சுகுமாரன் தான் வாங்கி வைத்திருந்த புதியதை மாட்டினார். இடையில் பெரியவர் தேநீருக்குக் கூப்பிட்டார். பெரியவர் கூப்பிட்டு வேண்டாம் என்றால் மரியாதை தெரியாதவன் என்பார்கள். மெல்பர்னில் இருக்கும் அவர் மகனின் பெருமையைச் சுகுமாரன் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்.

வேலை முடிந்ததும் கந்தப்பு சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.

"ரெண்டு மணிக்கு வந்தனீர், மூண்டரைக்கு முடிச்சனீர். தேத்தண்ணி குடிச்ச அரை மணித்தியாலம் வேலை இல்லைத்தானே தம்பி? அதைக் கழிச்சிட்டன்."

அதையும் எழுதி வைத்திருக்கிறார். உபசரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார் மனிதர்.

"தேத்தண்ணி நான் கேக்கலையே ஐயா. உக்கார வச்சது நீங்க," என்றார் சுகுமாரன். "குடுத்தா முழுசா குடுங்க. இல்லாட்டி ஒன்னுமே வேணாம்."

கந்தப்பு அவசரப்படவில்லை. எண்ணி வைத்திருந்த நோட்டுகளை, பிரேக்கர் காசையும் சேர்த்து, மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "உம்மட விருப்பம்," என்றார்.

நானாக இருந்தால் தெருவே கூடும்படி கத்தியிருப்பேன். சுகுமாரன் அப்படிச் செய்யவில்லை. ஏணியில் ஏறி, மெயினை நிறுத்தி, புதிய பிரேக்கரைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பழையதை மேசைமேல் வைத்து, "இது உங்களோடது," என்றார். மின்விசிறிகள் நின்றன. என்ன நடந்தது என்று உள்ளேயிருந்து கந்தப்புவின் மனைவி கமலாம்பிகை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சுகுமாரன் வேனைக் கிளப்பும்போது கந்தப்பு வாசலுக்கு வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் முழுத் தொகை, ஒரு காசு குறையாமல். வாங்கிக்கொண்டு பிரேக்கரை மாட்டிவிடச் சொன்னார்.

சுகுமாரன் வாங்கி எண்ணினார்.

"இது முடிஞ்ச வேலைக்கு, ஐயா. திரும்ப மாட்ட அரை மணி நேரம் ஆகும். அதுக்கு முப்பது வெள்ளி."