காதுப் பஞ்சு

மில்லைப் பூட்டிய ஏழாவது மாதம், ஆரப்பாளையத்துச் சந்து ஒன்றில் இருந்த கடைசல் பட்டறையில் போய் நின்றேன். பட்டறைக்காரன் என்னோடு எழுமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவன். அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். வேறு பெயர் எங்களுக்குள் புழங்கியதே இல்லை.

கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை என்று அவன் மரத்தைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். கூட ஓர் ஆள் வேண்டியிருந்தது. சலுகை காட்டினால் எனக்குப் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

"ஒரு உப்பு மரவை. விரிசல் இல்லாம, ஓட்டை இல்லாம நீயே கடைஞ்சு காட்டு மாப்ள. நாளையில இருந்து நீ இங்கதான்" என்றான்.

மரவை என்பது வேறொன்றுமில்லை, கிண்ணம்போலக் குடைந்த மரப் பாத்திரம். உப்பும் ஊறுகாயும் வைக்க அதற்கு ஈடு கிடையாது என்பார்கள். அதைக் கடைவது பெரிய வித்தையாக எனக்குத் தோன்றவில்லை. பதின்மூன்று வருடம் நூல் மிஷின்களோடு மல்லுக்கட்டியவனுக்கு ஒரு மரக்கட்டை எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தத் திமிருக்குப் பின்னால் பயமும் இருந்தது. எனக்கு முப்பத்து நான்கு வயது. வீட்டில் மனைவியும் நான்கு வயது மகளும். பட்டப்பகலில் வீட்டில் கிடக்கும் ஆண்பிள்ளையைத் தெரு எப்படிப் பார்க்கும் என்பதை ஏழு மாதம் அனுபவித்திருந்தேன். இந்த இடமும் கிடைக்காவிட்டால் போவதற்கு வேறு இடம் இல்லை.

பூவரசங்கட்டையை மிஷினில் இறுக்கிவிட்டு அவன் சுவிட்சைப் போடப் போனான். நான் மில் பழக்கத்தில் இன்னும் சட்டைப் பையில் வைத்திருந்த பஞ்சை எடுத்து, உருட்டி, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. மிஷின் ஓடப்போகிறது என்றால் கை தானாகக் காதுக்குப் போய்விடும். மில்லுக்குள் நாங்கள் காதால் பேசியதில்லை. நாலு மிஷின் தள்ளி நிற்பவன் "சாப்பிட்டியா" என்று உதட்டை அசைப்பான்; நான் விரலால் பதில் சொல்வேன். உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவோம். பார்க்கத் தெரிந்தவனுக்குக் காது எதற்கு என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

கட்டை சுழன்றது. உளியை வைத்ததும் அது கையை உதறிவிட்டு எகிறிப் போய்ச் சுவரில் விழுந்தது. முதல் கோணல் முற்றும் கோணல் என்று எனக்கு எரிச்சல் வந்தது. உளியை எடுத்து வந்து மறுபடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கை படிந்தது. வெளிப்பக்கம் உருண்டு வந்தது. சீவல் முழங்கை வரை ஒட்டியது. பிறகு உள்ளே குடையத் தொடங்கினேன். உளி வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு மிஷின் முன்னால் நிற்கிறேன் என்ற சந்தோஷத்தில் குடைந்துகொண்டே போனேன்.

திடீரென்று உளி அடியைப் பொத்துக்கொண்டு மறுபக்கம் போனது. மரவை இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு என் நெஞ்சில் அடித்தது. அவன் ஓடி வந்து மிஷினை நிறுத்தினான்.

"ஏன்டா மாப்ள, போதும் போதும்னு அம்புட்டு கத்துறேன். செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி நீ பாட்டுக்குக் குடைஞ்சுக்கிட்டு இருக்க!"

அப்போதுதான் பஞ்சைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். அவனே அதைப் பிடுங்கி எறிந்தான்.

"காதை அடைச்சுக்கிட்டு எவனாச்சும் கடைவானா? அடி மெலிய மெலியச் சத்தம் மாறும்டா. முதல்ல கொர்ருங்கும், அப்புறம் கிர்ருனு ஏறும். அதைக் கேட்டு நிறுத்தணும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். தப்பு பஞ்சினுடையது, என்னுடையதல்ல என்று மனசு லேசாகிவிட்டது. அவன் வேறொரு கட்டையைப் பூட்டித் தானே கடைந்து காட்டினான். குனிந்திருந்ததால் அவன் முகம் தெரியவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரே இரைச்சல்தான் இருந்தது. மில்லில் இருந்த அதே இரைச்சல், வீட்டில் படுத்திருக்கும்போதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே இரைச்சல். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"கேட்டுச்சா?" என்று நிமிர்ந்து கேட்டான்.

"கேட்டுச்சு" என்றேன். பச்சைப் பொய். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவது கட்டையை என்னிடம் விட்டுவிட்டு அவன் என் பின்னால் நின்றான். பாதி குடைந்திருப்பேன், கரண்டு போய்விட்டது. கட்டை மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. உள்ளே கிடந்த தூளை ஊதினேன். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். சாயங்காலம் இதை வீட்டுக்குக் கொண்டுபோவதை நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினேன்.

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டேன் மாப்ள" என்று அவன் உதடு சொன்னது. "மோட்டாரும் ஓடலை. உன் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றேன். சற்று முன் சங்கு ஊதியவன் இப்போது என்னைப் பார்க்க முடியாமல் தரையில் கிடந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். காதில் வைத்ததை எடுத்துவிட்டால் கேட்கும் என்று பதின்மூன்று வருடம் நம்பியிருந்தேன். எப்போது போனது, எவ்வளவு போனது, எதுவும் தெரியாது. எல்லோருடைய உதட்டையும் பார்த்துவிட்டு அதைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சற்று நேரத்தில் கரண்டு வந்தது. வந்ததும் அவன் என் முன்னால் வந்து நின்றான்.

"சத்தத்தை விடு. நாலு இழுப்புக்கு ஒருக்கா மிஷினை நிறுத்து. உள்ள ஒரு விரலு, வெளிய ஒரு விரலு வச்சுத் தடவிப் பாரு. எம்புட்டு நேரமானாலும் ஆகட்டும்."

ஒவ்வொரு சொல்லாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னான். அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். நிறுத்தி, தடவி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தினேன். வெயில் சாயும் நேரத்தில் மரவை முடிந்தது. அடி கனத்து, வாய் ஒரு பக்கம் சரிந்து, பார்க்கச் சகிக்காது. ஆனால் விரிசல் இல்லை, ஓட்டை இல்லை. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாளைக்கு வா" என்றான்.

தினத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததும் மகள் மடியில் ஏறினாள். எப்போதும்போல இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அதன் பிறகுதான் பேசினாள்.

"அப்பா, இது எனக்கா?"

என் மகள் தாடையைப் பிடிக்காமல் என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள், அவ்வளவு செல்லம் என்று மில் வாசலில் எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பிஞ்சுக் கைகளை விலக்காமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரிடமும் அவள் அப்படிப் பேசுவதில்லை என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

மனைவி மரவையைக் கழுவித் துடைத்து, உப்பை அதில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இவ எப்ப இருந்து இப்படி மொகத்தைப் பிடிக்கிறா?" என்று கேட்டேன்.

அவள் உப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். எனக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"பேச ஆரம்பிச்சதுல இருந்து. நான்தான் பழக்கிவிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னேன்" என்றாள். "எத்தனையோ தடவை சொன்னேன்."