‘சாப்பிட்டானா’ என்று கேட்கக் கற்ற மொழி

என் தம்பி கொரியாவில் கப்பல் கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தான். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். பெட்டியில் வந்தவனை ராயபுரத்து வீட்டில் வைத்து அழுது, கொண்டுபோய்ச் சேர்த்தோம். காரியமெல்லாம் முடிந்த பிறகும் அம்மா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி ராவு புள்ள துன்னானா, இல்ல பட்டினியா பட்துகினானா?"

மீன் கூடை தூக்கி எங்களை வளர்த்தவள். யாரும் வெறும் வயிற்றோடு வீட்டுப்படி தாண்டக் கூடாது அவளுக்கு. பிள்ளை அப்படியே போய்விட்டானோ என்பதுதான் அவளை அரித்தது.

பதில் தெரிந்தவர் ஒருவர்தான். அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா. இரவுச் சாப்பாடும் அவர்தான் போட்டார். சாவுக்குப் பிறகு போன் செய்து அழுதார். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மறுமுறை மொழிபெயர்க்கும் செயலியை வைத்துப் பார்த்தேன். அவருடைய கிராமத்துப் பேச்சைக் கேட்டு அது மழை, பெரியப்பா, சட்டி என்று உளறியது. எரிச்சலாக வந்தது. என் தம்பியின் கடைசிச் சோற்றை ஒரு இயந்திரக் குரலா கேட்பது? நானே கொரிய மொழி படிக்க உட்கார்ந்தேன்.

வண்ணாரப்பேட்டை துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில், இன்னொரு செயலியில் பாடம். ஆப்பிள் சிவப்பு, பூனை பால் குடிக்கிறது. சரியாகச் சொன்னால் திரையில் பட்டாசு வெடிக்கும். யாருக்கு வேண்டும் பட்டாசு? எழுத்துகளை யூட்யூபில் பிடித்தேன். அந்த அம்மாவின் பேச்சு காதுக்குப் பழக, அவர் ஊர்ப் பக்கத்து மீன் சந்தைக் காணொளிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "இன்னாக்கா, கொரியா மாப்ள புட்சிட்டியா?" என்று கடையில் கிண்டல். சிரித்து வைத்தேன். அங்கே நின்று அழவா முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் துணிந்து அழைத்தேன். அம்மா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கடைசி ராத்திரி என் தம்பி சாப்பிட்டானா? மாதக்கணக்கில் வாய்க்குள் உருட்டிய வாக்கியம், தடுமாறாமல் வந்தது.

அந்த அம்மா எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அன் மொகொஸ்ஸோ." சாப்பிடவில்லை. அசதியாக இருக்கிறது, காலையில் சாப்பிடுகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டானாம். ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஏன்தான் படித்தேனோ என்றிருந்தது.

"இன்னாடி சொல்லுது?" என்றாள் அம்மா.

"சாப்ட்டானாம்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இன்னா கொழம்புன்னு கேளு."

கேட்டேன். காரம் தூக்கலாகப் போட்ட கானாங்கெளுத்தி மீன் என்றார் அந்த அம்மா, அழுதுகொண்டே. அவனுக்குப் பிடிக்குமென்று அன்றைக்குச் செய்தாராம்.

"கானாங்கத்தயா?" அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ரெண்டு தபா சோறு வாங்கித் துன்னுருப்பான்."

உன் அம்மா என்ன சொல்கிறார் என்று போனில் அந்த அம்மா கேட்டார். அதைச் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.