இருமிக் காட்டிய டாக்டர்

அன்று தேயிலை சலிக்கும் அறையில் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை இல்லை. ஒரே தூசியில் நின்றும் சிலருக்கு மட்டும் நெஞ்சு கெடுவது ஏன் என்று ஆராய, பதுளையிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார்; அவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. எதையும் கேட்குமுன் தானே இருமிக் காட்டுவார்.

“இப்படியா வருது?”

அம்மா சிரித்துவிட்டாள். “இல்லைங்கய்யா, அது ஆட்டு இருமலு. எனக்கு அடிவயித்துலேருந்து வரும். மூணு வருசமாப் படுக்க முடியல.”

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் மகன் நான் கேட்கும்போதெல்லாம், “ஒண்ணுமில்லடா” என்றவள் அவள்.

“அவருகிட்ட மட்டும் சொல்றியே?” என்றேன்.

“நீ என்னைக்காவது இருமிக் காட்டுனியாடா?”

அதைக் கேட்டு மற்ற இரு பெண்களும் சிரிக்கும்போதே கணக்கப்பிள்ளை திரும்பி வந்தார். வேலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததற்காக, பெண்கள் மூவருக்கும் அன்று அரைநாள் கூலி போயிற்று.