பழனியாண்டி கங்காணியின் குரலுக்கு ஒரு சாட்சி

"உங்க குரல ரொம்ப வருசமாத் தெரிஞ்ச ஒருத்தர் பேர் சொல்லுங்க ஐயா."

உமா மகேஸ்வரி டாக்டர் கேட்டபோது பழனியாண்டிக்கு வாயில் ஒரு பேரும் வரவில்லை.

இருநூத்திப் பன்னிரண்டு பேரைத் தாள் பார்க்காமல் கூப்பிட்ட மனுசன் அவர். அந்தமானில் ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் விடிகாலை ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். இலங்கையில் பதுளைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்த சனம் அந்தச் சொல்லையும் கங்காணி என்ற பட்டத்தையும் கூடவே கொண்டுவந்தது. ஆபீஸ் காகிதத்தில் அவர் வேறு ஏதோ. ஆட்கள் குடியிருந்த லயத்தில் கங்காணிதான்.

தோட்டத்தை மூடின பிறகு சனம் நாலா பக்கமும் போய்விட்டது. பெண்சாதி பேச்சியம்மா போய் நாலு வருசம். மூத்த அக்கா ரெங்கம்மா பதுளையிலேயே தங்கி அங்கேயே மண்ணானாள். அண்ணன் அழகையா கோத்தகிரிக்குப் போனவர், அவரும் இல்லை. அவர் பிள்ளைகள் சித்தப்பா குரலைக் கேட்டதே கிடையாது. பழனியாண்டி பெற்றது ஒன்றுதான், அது மூணாம் நாளே போய்விட்டது.

இப்போது கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்குத் தைராய்டு கட்டி. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில், கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு குரல் எப்படி மாறுகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னே ஒரு தரம் குரலைப் பதிந்துகொள்வார்கள், மூணு மாசம் கழித்து இன்னொரு தரம். அளக்க மிஷின் உண்டு. அது போக, பழகின காது ஒன்றும் கேட்டுச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியில் சேராவிட்டாலும் ஆபரேஷன் நடக்கும். சேர்ந்தால் ஒரு வருசத்துக்கு வாரம் ஒரு போன் வரும், பத்து நிமிசம் பேசச் சொல்லிக் கேட்பார்கள். அந்தப் போனுக்காகத்தான் அவர் சேர நினைத்தார்.

"நாளைக்குள்ள ஒரு பேர் குடுங்க. இல்லன்னா சேர்க்க முடியாது" என்றார் டாக்டர்.

ஹட் பேயில் மீன் விற்கிற புஷ்பாவுக்குப் போன் போட்டார். பழைய ஆட்கள் நாலு பேர் நம்பர் அவளிடம் மட்டும்தான் இருக்கும்.

"நான் இங்க வாக்கப்பட்டு வந்தப்பவே தோட்டத்த மூடிட்டாங்களே, உங்க குரல் எனக்கெங்க தெரியும்" என்றாள் அவள். "எங்க நாத்தனார் வசந்தகுமாரி உங்ககிட்ட பத்தொம்பது வருசம் நின்னவ. ஹேவ்லாக் தீவுல ரிசார்ட்டுல துணி துவைக்கிறா. திட்டுவா, பரவாயில்லியா?"

"பரவாயில்ல."

நம்பரைப் போட்டார். "ஹலோ, கௌன்?" என்று இந்தியில் யாரென்று கேட்டது அந்தப் பக்கம்.

"வசந்தகுமாரி, ஹட் பேலருந்து…"

"கங்காணியா? பேர் சொல்ல வேணாம். உங்க சத்தம் தூக்கத்துல கூட வந்து என்னைய எழுப்பும்."

விசயத்தைச் சொன்னார்.

"உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"இல்ல."

அவள் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"எம் மக நளினிக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் பிந்தி வந்தேன். அத்தன பேர் முன்னால பேரச் சொல்லித் திருப்பி அனுப்புனீங்க. மழையோட நடந்து போனேன். ஞாபகம் இருக்கா?"

பேர்களெல்லாம் ஞாபகம் இருந்தன. யார் எப்படித் திரும்பிப் போனார்கள் என்பது இல்லை. "இல்லம்மா" என்றார்.

"சும்மாவாச்சும் இருக்குன்னு சொல்லியிருந்தா போன வச்சிருப்பேன். சரி, கேக்கச் சொல்லுங்க. நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

மறுநாள் பதிவுக்கு ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவருக்குப் படிப்பு ஏறவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லலாம் என்றார் டாக்டர். பழனியாண்டி எழுந்து நின்று பெரட்டு கூப்பிட்டார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மூணு மாசம் கழித்து அதே அறையில் அதே பேர்களைக் கூப்பிட்டார். கட்டி போயிருந்தது. குரல் மேலே ஏறாமல் பாதியிலேயே காற்றாகப் போனது. இருபதாம் பேருக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் போனில் வசந்தகுமாரிக்கு ரெண்டையும் போட்டுக் காட்டினார். "முன்ன இருந்ததுக்கு மோசமா, அப்படியேதான் இருக்கா, இல்ல மேலா?"

"மேல்."

"மேலா? நல்லாக் கேட்டீங்களாம்மா?"

"நல்லாத்தான் கேட்டேன். முதல்ல போட்டதக் கேட்டதும் பிந்திட்டமோன்னு இப்பவும் மணியப் பாக்குறேன். ரெண்டாவது ஒரு மனுசன் கூப்பிடற மாதிரி இருக்கு. இப்படிக் கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்போம்."

பழனியாண்டி போனுக்குக் கிட்டே குனிந்தார். "நளினி இப்ப எங்கம்மா இருக்கா?"

"வண்டூர்ல கட்டிக் குடுத்திருக்கு" என்றாள். "வேல கெடக்கு கங்காணி, வச்சிர்றேன்."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார். "மிஷின் பாதியாக் கொறஞ்சிருச்சுன்னு காட்டுது. நீங்க என்னய்யா சொல்றீங்க?"

அந்தக் குரல் ஒரு காலத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளுக்கும் கேட்டது. அவர் டாக்டர் கையிலிருந்த பேனாவைக் காட்டினார்.

"அவ சொன்னத அப்படியே எழுதிக்கிடுங்கம்மா" என்றார் பழனியாண்டி. "பெரட்டுல கேட்டு நின்னவ அவதான்."