பச்சைப் பெட்டியின் மேல் வைத்த ஓட்டு

முதல் தடவை ஜெயிப்பது அதிர்ஷ்டம். இரண்டாம் தடவை அதே ஜனங்களிடம் போய் நிற்பதற்குத்தான் நெஞ்சு வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த நெஞ்சு உண்டு. விழுப்புரம் தனி மாவட்டமான பிறகு வந்த தேர்தலில் என் மருமகள் வார்டு மெம்பரானாள். இப்போது இரண்டாம் தடவையும் நிற்கிறாள். அவளுக்கு வெகுகாலம் முன்பு, இதெல்லாம் தென்னாற்காடு ஜில்லாவாக இருந்தபோது, என் பெரியப்பா இரண்டாம் தடவை நின்றார். அப்போது எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான். மெல்லத்தான் சொல்ல வரும்.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் எங்கள் ஊர். பெரியப்பா முதலில் பஞ்சாயத்துத் தலைவரானபோது பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடி, இவர்தான் என்றது, அவ்வளவுதான். அந்த ஐந்து வருஷத்தில் அவர் எடுத்த பெரிய வேலை கீழத்தெருக் கிணறு. அதுவரை எங்கள் தெருப் பெண்கள் ரைஸ்மில்காரர் நிலத்துக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். அவருடைய ஆள் எப்போது வேலிப் படலைத் திறக்கிறானோ அப்போதுதான் குடம் நிறையும். பொதுக் கிணறு பாதி ஆழம் போயிருந்தபோது தேர்தல் வந்தது. எதிரே நின்றவர் அந்த ரைஸ்மில்காரரேதான். அவர் வந்தால் கிணறு நிற்கும் என்பது எனக்குக்கூடத் தெரியும்.

இந்த முறை பெட்டி வைத்துத் தேர்தல். பெரியப்பாவுக்குப் பச்சைப் பெட்டி, ரைஸ்மில்காரருக்கு மஞ்சள் பெட்டி. வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பெரியப்பா ஒரு மண்ணெண்ணெய் டின்னில் வாய் வெட்டி, களத்து மேட்டில் வைத்து, ஆண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சீட்டை மடித்து உள்ளே போடப் பழக்கினார். வீட்டுப் பெண்களுக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார். அவர்கள் போய்ப் பச்சைப் பெட்டி என்று மட்டும் சொன்னார்கள். டின்னில் இருந்த வாயைப் பற்றி ஒருத்தரும் வீட்டில் வாய் திறக்கவில்லை.

பெட்டிகள் திண்டிவனத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தன. அரக்கு முத்திரை வைத்த பெட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட ஒரு போலீஸ்காரர் நடந்து வந்தார். சாமி ஊர்வலத்துக்குக்கூட எங்கள் ஊரில் போலீஸ் வந்ததில்லை. என் பெரியப்பாவுக்காக ஒரு பெட்டி, அதற்குக் காவலாக ஒரு போலீஸ். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆண்கள் காலையிலேயே போட்டுவிட்டு ஏர் பூட்டப் போனார்கள். பெண்கள் சமையலை முடித்து, தலைக்குக் குளித்து, உச்சிப் பொழுதுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பெரியம்மாதான் முதல் ஆள். கனகாம்பரத்தை வாசனை மருவோடு சேர்த்துக் கட்டிய சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தலையில் பூ இல்லை. அதை நான் கவனித்தேன்.

எங்கள் முறை வந்தபோது அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். பச்சைப் பெட்டியைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். மேலே சீட்டுகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சளோ குங்குமமோ தொட்டு வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் பெரியம்மாவின் கனகாம்பரச் சரம். மஞ்சள் பெட்டி மொட்டையாக இருந்தது.

அம்மா என் காதோரம் சொன்னார். "அக்கா எப்டி வெச்சிருக்குது பாரு, வரிசத் தட்டு மாதிரி. பெரியவங்களுக்குக் குடுக்கறத பொந்துல திணிப்பாங்களா?"

அவரும் தம்முடைய சீட்டை மேலே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குவியல் ஒரு பக்கம் சரிந்தது. கீழே விழாமல் அதை அடுக்கிச் சரிசெய்தது என் கைதான். தேரில் கை வைத்தவள் மாதிரி அந்தக் கையை அன்று முழுக்கத் தனியாகவே வைத்திருந்தேன்.

பொழுது சாயும் முன்பே எண்ணத் தொடங்கினார்கள். ஆண்கள் ஜன்னலைச் சுற்றி நின்றார்கள்; நான் அப்பா தோள்மேல். ஆபீசர் திரையை விலக்கிப் பச்சைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மேலே இருந்ததையெல்லாம் பூவோடு அள்ளி ஒரு ஓரமாக வைத்தார். பெட்டிக்குள் விழாதது ஓட்டில் சேராது என்றார். அப்படி வெளியே கிடந்தவை இருபத்தொன்று. பெரியப்பா ஒன்பது ஓட்டில் தோற்றார்.

எங்கள் ஆட்கள் கத்தினார்கள். யாரோ மஞ்சள் பெட்டியை எட்டி உதைக்கக்கூடப் போனார்கள். பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். அவர் கண் அந்தக் கனகாம்பரத்தின் மேலேயே இருந்தது. மரு வைத்து அப்படி நெருக்கிக் கட்டுகிற கை ஊரில் ஒன்றுதான். அதை அவர் அறியாதவரா? ஆபீசரிடம் கேட்டு அந்தச் சரத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். ரைஸ்மில்காரருக்கு அவரே முதலில் மாலை போட்டார். பிறகு ஆண்களைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"இங்க நடந்தது இங்கியே இருக்கட்டும். வூட்டுல போயி எவனும் எவளையும் ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

உடனே எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இருபத்தொன்றில் தன் வீட்டுச் சீட்டு எத்தனை என்று ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கும். இருபது வீட்டு ரகசியம் ஒன்று எங்கள் தெருவில் தங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கீழத்தெருக் கிணறு அதன்பின் மூன்று மழைக்காலம் அரைக்கிணறாகவே கிடந்தது. பெண்கள் பழையபடி படலுக்கு வெளியே குடத்தோடு நின்றார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் பெரியம்மா வாசலிலேயே எழுந்து நின்றார். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தோல்வி என்று தெரிந்துவிட்டது.

"நான் மொத ஆளா போயி மனசாரக் கும்புட்டுப் போட்டனே" என்றார். "எவ துரோகம் பண்ணா? சொல்லுங்க, நான் போயி கேக்கறேன்."

"யாரையும் கேக்காத. எல்லாரும் நமக்குத்தான் போட்டாங்க. தோத்தது நானு, அத வுடு."

"எல்லாரும் போட்டா எப்டிங்க தோக்கறது?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. பூவோடு அள்ளி ஓரமாக வைத்த அந்த ஆபீசர்தான் காரணம். நீ வைத்த பூவை அவன் மதிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அடுக்கி வைத்த எனக்கு அந்தக் கோபம் இருக்காதா? "பெரிம்மா, உன் பூவு" என்று தொடங்கினேன்.

பெரியப்பா இரண்டே எட்டில் வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். கொல்லைப்புறம் கொண்டுபோய், மூட்டையிலிருந்து மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், அள்ளி, தானே உரித்து உரித்து என் வாயில் போட்டார். "துன்னு. நல்லா மென்னு துன்னு" என்றார். ஒன்றை முழுங்குவதற்குள் அடுத்ததை உரித்தார். உள்ளே பெரியம்மா அழுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தலைவர் பதவி போனவர், கிணறு போனவர், தெருவே கூடி நிற்கும்போது வாசலுக்குப் போகாமல், ஒரு சின்னப் பெண்ணின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு இப்படிக் குந்தியிருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பெருமையோடு வாயைத் திறந்து காட்டினேன்.