இதயத்துக்கு மூன்று இளநீர்

என் உடம்புக்கே என்னைப் பிடிக்கவில்லை என்பது கோயமுத்தூர் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள் என் இதயத்தை வேற்றாளாக நினைத்து அடிக்கின்றனவாம். அதனால் அழற்சி. அடி வாங்கி வாங்கித் தசை தளர்ந்துவிட்டது, பம்பு சரியாக இறைக்கவில்லை, உடம்பில் நீர் தேங்குகிறது.

"ஏனுங்க, நான் ஒருத்தி உங்களைத் திட்டறது பத்தலீங்களா?" என்றாள் மனைவி. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போவேனோ என்று பயமாக இருந்தது.

கைநிறைய மாத்திரை கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அழற்சி என்றால் என்ன என்று இவள் கேட்டதற்கு, உள்ளே காந்துகிற மாதிரி என்று சொல்லித் தொலைத்தார்.

ஊர் திரும்பும் வழியில் வேலந்தாவளம் தாண்டுவதற்குள் இவள் வைத்தியம் முடிவாகிவிட்டது. காந்தல் என்றால் சூடு, சூட்டுக்கு இளநீர். ஆறு ஏக்கர் தென்னை வைத்திருப்பவர்களுக்கு வேறென்ன தோன்றும்? காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று. அவளே வெட்டிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் மட்டும் பாட்டிலில் அளந்துதான், ஒரு மடக்குகூட அதிகம் கிடையாது. இளநீரை எங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது வாரம் படுத்தால் மூச்சு முட்டியது. காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்க, இவள் பாட்டிலைப் பெருமையாக நீட்டினாள்.

"அதுபோக?"

"ஒண்ணுமில்லீங்க. எளநி மட்டுந்தானுங்க, மூணு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அதுவும் நீர்தான், போதாததற்கு அதிலுள்ள பொட்டாசியம் இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் இதயமே நின்றுவிடலாம் என்றார். ஊசி போட்டுப் போட்டு நீரை வெளியேற்றினார்கள். பிழைத்துக்கொண்டேன்.

மறுநாள் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். "நானே உங்களக் கொல்லப் பாத்துட்டனுங்களே."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் நான் அப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது வாரமே கால் வீங்கிச் செருப்பு வார் அழுந்திப் பதிந்ததைப் பார்த்திருந்தேன். இளநீர் மேல் சந்தேகமும் வந்தது. சொன்னால் நிறுத்திவிடுவாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் மாடு, தோப்பு, அடுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தது நான் இளநீர் குடிக்கும் அந்த நேரம்தான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"உக்காருன்னு சொல்லியிருந்தா உக்காந்திருப்பனேங்க."